27-ஆம் எண் ஜெர்சி: ரே ரைஸ் விவகாரத்தில் ரசிகர்கள் நடந்துகொண்ட விதம்

2014 ஜூலை 28 அன்று பால்டிமோர் நகரத்தின் எம் அண்ட் டி பேங்க் மைதானத்தில் ரேவன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணி ரசிகர்கள் முன்னிலையில் பயிற்சி செய்தது. அணியின் நட்சத்திர வீரர் ரே ரைஸ் களத்துக்கு வந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தான் மணக்கவிருந்த பெண்ணை ஒரு லிஃப்டுக்குள் அடித்து நினைவிழக்கச் செய்தார் என்று ஐந்து மாதங்களுக்கு முன்னால்தான் அவர் மீது வழக்குப் பதிவாகியிருந்தது. அதற்காக, அந்த விளையாட்டை நடத்தும் என்.எஃப்.எல். லீக் அவருக்கு இரண்டே இரண்டு ஆட்டங்கள் தடை விதித்து நான்கு நாள் ஆகியிருந்தது.

இரண்டு மாதம்கூட முடியவில்லை. அதே மைதானத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் வரிசையில் நின்று ரைஸின் பெயர் பொறித்த ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த இடைவெளியில் ரசிகர்களுக்குப் புதிதாகத் தெரியவந்த உண்மை என்ன? எதுவும் இல்லை என்பதுதான் என் வாதம். ஜூலையில் கைதட்டியவர்கள் விஷயம் தெரியாமல் தட்டவில்லை, தெரிந்துதான் தட்டினார்கள். ஒரு வீரர் மீது குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டு வரும்போது ரசிகர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நடந்தது

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது நம் ஊரில் ஆடும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் ஏந்தி எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடும் அமெரிக்க விளையாட்டு. அதில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் என்ற இடத்தில் ஆடியவர் ரைஸ்.

2014 பிப்ரவரி 15 அதிகாலை, நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில், ரெவல் என்ற காசினோ விடுதியில் ரைஸும் அவருடைய வருங்கால மனைவியும் கைதானார்கள். ஒருவரை ஒருவர் தாக்கியதாகத்தான் ஆரம்பத்தில் இருவர் மீதும் வழக்கு. ஆனால் ரைஸ் மீதான புகார் ஆவணத்தில் ஒரு வரி இருந்தது: அவர் கையால் அடித்ததில் அந்தப் பெண் நினைவிழந்தார். அந்த வரி பிப்ரவரியிலேயே செய்திகளில் வந்துவிட்டது.

பிப்ரவரி 19 அன்று, பிரபலங்களைப் பற்றிய செய்திகளைப் போடும் டி.எம்.ஸி. இணையதளம் ஒரு வீடியோவை வெளியிட்டது. லிஃப்ட் கதவு திறக்கிறது. அசைவில்லாமல் கிடக்கும் பெண்ணை ரைஸ் வெளியே இழுத்து வந்து தரையில் போடுகிறார். அமெரிக்கா முழுக்க இதைப் பார்த்தது.

மார்ச் 27 அன்று, வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி அவர் மீது கடுமையான தாக்குதல் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. பெண் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மறுநாள், மார்ச் 28 அன்று, இருவருக்கும் திருமணம் நடந்தது. மே மாதத்தில் ரைஸ், விசாரணைக்கு மாற்றாக ஆலோசனையும் கண்காணிப்பும் கொண்ட திட்டத்தில் சேர்க்கப்பட்டார். அதை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும் என்பது ஏற்பாடு. 2015 மே மாதம் அப்படியே தள்ளுபடியானது.

அடித்தாரா, அடித்ததில் அவர் நினைவிழந்தாரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் பிப்ரவரியிலேயே கையில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

பால்டிமோருக்கு ரைஸ் யார்

2008-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். உயரம் குறைவு, வேகமும் பலமும் அதிகம். 2012 நவம்பரில் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், கடைசி வாய்ப்பில் 29 கெஜம் தேவைப்பட்ட நிலையில், ஒரு சின்னப் பாஸை வாங்கி வளைந்து நெளிந்து ஓடி அந்த தூரத்தைக் கடந்தார். ரேவன்ஸ் ரசிகர்கள் இன்றைக்கும் பேசும் ஓட்டம் அது. அந்த சீசன் முடிவில், 2013 பிப்ரவரியில், ரேவன்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவை 34–31 என்று வென்று, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் கோப்பையை எடுத்தது.

களத்துக்கு வெளியிலும் நல்ல பெயர்தான். மாணவர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதற்கு எதிராக மேரிலாந்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இணையத் துன்புறுத்தலைத் தண்டிக்கும் மாநிலச் சட்டம் வர வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். குழந்தைகள் அவருடைய 27-ஆம் எண் ஜெர்சி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நமக்குத் தெரிந்த ரே அப்படிப்பட்டவர் இல்லை' என்று ரசிகர்கள் சொன்னபோது அவர்கள் பொய் சொல்லவில்லை. பொது இடத்தில் பார்த்த ஒருவரை வைத்து, மூடிய கதவுக்குப் பின்னால் அவர் எப்படி இருப்பார் என்று முடிவு கட்டினார்கள். குடும்ப வன்முறையில் இந்தக் கணக்கு எப்போதும் தப்பாகிறது. வீட்டில் அடிக்கிறவர் தெருவில் மரியாதையாக நடப்பது சாதாரணம். அந்தப் பெண் வாய் திறந்து சொன்னாலும் ஊர் நம்பாமல் போவதற்கு அந்தத் தெரு மரியாதையே காரணமாகிறது.

மே முதல் ஜூலை வரை

மே 23 அன்று அணியின் பயிற்சி வளாகத்தில் ஒரு செய்தியாளர் சந்திப்பு. ரைஸும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரைஸ் அணி உரிமையாளரிடமும் மேலாளரிடமும் பயிற்சியாளரிடமும் மன்னிப்புக் கேட்டார். அடிபட்டவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தார், அவரிடம் கேட்கவில்லை. கீழே விழுவது தோல்வி இல்லை, எழாமல் இருப்பதுதான் தோல்வி என்ற பொருளில் ஒரு வாக்கியமும் சொன்னார். அடிபட்டு விழுந்தவரை அருகில் வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் என்னால் சாதாரணமாக இருக்க முடியவில்லை.

அன்றைக்கு ரேவன்ஸ் அணி தன் அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்கில், சம்பவ இரவில் தன் பங்குக்காக அவர் மனைவி ஆழ்ந்து வருந்துகிறார் என்று பதிவிட்டது. 'அவளும் ஏதோ செய்திருப்பாள்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு அணியே முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆகிவிட்டது. ரசிகர்கள் தாமாகவே இப்படி யோசிக்கிறார்கள் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அணி, லீக், தொலைக்காட்சி மூன்றும் எந்த வார்த்தைகளைக் கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் ரசிகர்கள் பேசுகிறார்கள். ஜூலை கடைசியில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ஸ்டீஃபன் ஏ. ஸ்மித், பெண்கள் ஆண்களைத் தூண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் பேசி, ஒரு வாரம் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். மே மாத ட்வீட்டும் ஜூலைப் பேச்சும் சொன்ன விஷயம் ஒன்றேதான்.

ஜூலை 24 அன்று லீக் ஆணையர் ராஜர் குடெல் தீர்ப்புச் சொன்னார்: இரண்டு ஆட்டங்கள் தடை, அபராதம். இதைக் கேட்டுக் கொதித்த ரசிகர்களும் நிறையப் பேர். அதே கோடையில் கஞ்சா விவகாரத்தில் கிளீவ்லாண்ட் அணியின் ஜாஷ் கார்டனுக்கு ஒரு முழு சீசன் தடை. பெண்ணை அடித்து மயக்கமாக்கினால் இரண்டு ஆட்டம், கஞ்சா புகைத்தால் பதினாறு ஆட்டம் என்ற ஒப்பீடு எல்லா இடத்திலும் ஓடியது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு அக்டோபரிலும் வீரர்களுக்கு இளஞ்சிவப்பு உடை மாட்டிவிட்ட லீக் அது. பெண் ரசிகர்கள் அதையும் எடுத்து முகத்துக்கு நேராகக் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 28 அன்று குடெல், தான் தவறு செய்துவிட்டதாக அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். குடும்ப வன்முறைக்கு இனி முதல் முறை ஆறு ஆட்டங்கள் தடை, இரண்டாம் முறை காலவரையற்ற நீக்கம் என்று விதி மாறியது. லிஃப்டுக்கு உள்ளே எடுத்த வீடியோ வருவதற்கு முன்பே கிடைத்த மாற்றம் இது. கொதித்த ரசிகர்களின் கோபத்துக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அடுத்து வந்த புயலில் இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஜூலை 28-இன் கைதட்டலுக்குப் பக்கத்தில் இந்தக் கோபத்தையும் வைத்துத்தான் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். ரசிகர்கள் என்று ஒரே கூட்டம் கிடையாது.

செப்டம்பர் 8

திங்கள்கிழமை காலை டி.எம்.ஸி. இரண்டாவது வீடியோவை வெளியிட்டது. இந்த முறை லிஃப்டுக்கு உள்ளே இருந்த கேமரா. ரைஸின் கை வீசுவதும் அந்தப் பெண் கைப்பிடிக் கம்பியில் மோதி விழுவதும் தெரிந்தன.

அன்று மாலைக்குள் ரேவன்ஸ் அவரை அணியிலிருந்து நீக்கியது. லீக் காலவரையின்றித் தடை விதித்தது. மே மாத ட்வீட்டையும் அணி சத்தமில்லாமல் அழித்தது. மறுநாள் உரிமையாளர் ஸ்டீவ் பிஷோட்டி ரசிகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் எழுதிய கடிதத்தில், அந்த வீடியோவைப் பார்த்ததும் எல்லாம் மாறிவிட்டது என்றும், முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றும், தாங்களே இன்னும் தீவிரமாக விசாரித்திருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதே வாரத்தில் அணியின் பொது மேலாளர் ஓஸி நியூசம் சொன்னதுதான் இந்த வழக்கின் மையம். ரைஸ் தன்னிடமும் பயிற்சியாளரிடமும் என்ன சொன்னாரோ அதுதான் வீடியோவில் இருந்தது, ரைஸ் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்றார். லீக்கிடமும் அவர் உண்மையை மறைக்கவில்லை என்று பிறகு முடிவானது. நவம்பர் 28 அன்று, ரைஸின் மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் கூட்டாட்சி நீதிபதி பார்பரா ஜோன்ஸ், ரைஸ் ஆணையரைத் தவறாக வழிநடத்தவில்லை என்று கண்டு, காலவரையற்ற தடையை ரத்து செய்தார்.

அப்படியென்றால் எதுதான் மாறியது? மாறியது பார்வையாளரின் வசதி. பிப்ரவரி வீடியோவில் தெரிந்தது கதவு திறந்த பிறகு நடந்தது மட்டும்தான், அடி விழுந்தது மூடிய கதவுக்குப் பின்னால். அந்தக் கதவுக்குப் பின்னால் அவரவர் தமக்குப் பிடித்த கதையை வைத்துக்கொள்ளலாம்: தற்காப்புக்குத் தள்ளியிருப்பார், அவள் குடித்திருப்பாள், தடுக்கி விழுந்திருப்பாள். செப்டம்பரில் அந்த இடம் பறிபோனது. ஒரு பெண் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தும் மயங்கிய காரணத்தைக் கற்பனை செய்ய மறுத்த மனதை, வீடியோதான் உலுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பெண்களுக்கு அப்படி ஒரு வீடியோ கிடைக்காது. வீட்டுக் கூடத்தில் கேமரா இருப்பதில்லை. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் உறைப்பது இதுதான்.

ஜெர்சியைப் போட்டவர்களும் கொடுத்தவர்களும்

வீடியோ வந்து மூன்றாம் நாள், செப்டம்பர் 11 இரவு, ரேவன்ஸ் தன் சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் ஆடியது. நாடு முழுக்கக் கேமராக்கள் அங்கே குவிந்தன. கூட்டத்தில் பலர் 27-ஆம் எண் ஜெர்சியோடு வந்திருந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்ததுதான் பலரைத் திகைக்க வைத்தது.

அவர்கள் செய்தியாளர்களிடம் சொன்ன காரணங்கள் சுற்றிச் சுற்றி மூன்று நான்குதான். அவளே மன்னித்துக் கல்யாணம் செய்துகொண்டாள், நமக்கென்ன. எல்லோரும் தவறு செய்கிறோம். இரண்டாவது வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மற்ற வீரர்கள் செய்யாததா?

இந்தப் பெண்களைத் திட்டி அப்போது நிறைய எழுதினார்கள். நான் அதில் சேர மாட்டேன். 'அவளே மன்னித்துவிட்டாள்' என்று ஒரு பெண் சொல்லும்போது, தன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ நடந்த ஏதோ ஒன்றுக்கும் சேர்த்துத்தான் அவர் பதில் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அந்த வாதம் தவறு. மன்னிப்பது அவளுடைய உரிமை. அவள் மன்னித்ததால் அடித்தது இல்லையென்று ஆகிவிடாது. ஒரு பெண் உறவை விட்டுப் போகாமல் இருப்பதற்குப் பயம், பணம், பிள்ளை, பாசம், நம்பிக்கை, போக இடமில்லாமை என்று எத்தனையோ காரணம் இருக்கும். அந்த வாரமே ஆயிரக்கணக்கான பெண்கள் 'நான் ஏன் விலகவில்லை' என்ற ஹேஷ்டேகில் தங்கள் கதைகளை எழுதினார்கள். ரைஸைப் பற்றிய கூச்சலுக்கு நடுவில் எழுந்த மிக உண்மையான குரல்கள் அவைதான் என்பேன்.

ரைஸின் மனைவியும் செப்டம்பர் 9 அன்று இன்ஸ்டகிராமில் எழுதினார். தாங்கள் தினமும் வருந்தும் ஒரு கணத்தை ஊடகங்களும் மக்களும் திரும்ப வாழ வைத்துவிட்டார்கள் என்றும், பார்வையாளர் எண்ணிக்கைக்காகத் தன் கணவர் வாழ்நாள் முழுக்க உழைத்ததைப் பறித்துவிட்டார்கள் என்றும் கோபப்பட்டார். அவர் கேட்காமலே அந்த வீடியோ கோடிக்கணக்கான திரைகளில் ஓடியது. ரைஸை ஆதரித்தவர்கள் இந்தப் பதிவைத் தங்கள் ஜெயமாகக் காட்டினார்கள். எதிர்த்தவர்களில் பலர், அவருக்குத் தன் நிலைமை புரியவில்லை என்று ஒதுக்கினார்கள். இரண்டு பக்கமும் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. கணவரின் வேலை போனால் மனைவியின் வாழ்வாதாரமும் போகிறது. புகார் கொடுத்தால் குடும்பமே தெருவுக்கு வரும் என்ற பயத்தில் பல பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று, குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கடுமையான தண்டனை கேட்ட ரசிகர்களில் சிலராவது இதை யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் செப்டம்பர் 19, 20 தேதிகள். ரைஸ் ஜெர்சியைக் கொண்டு வந்து கொடுத்தால் வேறொரு வீரரின் ஜெர்சி இலவசம் என்று அணி அறிவித்தது. 7,000-க்கும் மேற்பட்ட ஜெர்சிகள் வந்து சேர்ந்தன. மனம் நொந்து வந்தவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வந்த பெற்றோர்கள். அதே சமயம், அணிக்கு இது எவ்வளவு சுலபமான வழி என்பதையும் பார்க்க வேண்டும். ரசிகர் ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. மே மாதத்தில் அந்தப் பெண்ணை மேடையில் உட்கார வைத்தது யார், பிப்ரவரியிலிருந்து அணி ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்விகளை அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

கேட்டவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். அல்ட்ராவயலட் என்ற பெண்கள் அமைப்பு, குடெல் பதவி விலக வேண்டும் என்ற பதாகையோடு மைதானங்களுக்கு மேலே விமானம் பறக்கவிட்டது. லீக்கின் கூட்டாளியான கவர்கேர்ள் அழகுசாதன நிறுவனம் ரேவன்ஸ் வண்ணத்தில் ஒரு பெண் முகத்தை விளம்பரம் செய்திருந்தது. அந்தக் கண்ணைச் சுற்றி அடிபட்ட கறுப்பை யாரோ வரைந்து பரப்ப, படம் நாடு முழுக்கப் போனது. விளம்பரதாரர்கள் கவலை தெரிவிக்கத் தொடங்கியதும்தான் லீக் உண்மையில் அசைந்தது.

ஆட்டத் திறமையின் விலை

ரைஸுக்கு அப்போது 27 வயது. ரன்னிங் பேக்குக்கு அது இறங்குமுகம். 2013 சீசனில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சராசரி 3.1 கெஜம்தான், அவருடைய மிக மோசமான ஆண்டு. ஜோன்ஸ் தடையை நீக்கிய பிறகும் எந்த அணியும் கூப்பிடவில்லை. 2016-இல், யாராவது எடுத்தால் அந்த ஆண்டுச் சம்பளம் முழுவதையும் குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகளுக்குக் கொடுப்பேன் என்று சொல்லியும் பயனில்லை.

இதோடு கரீம் ஹன்ட் விவகாரத்தை வைத்துப் பாருங்கள். கன்சாஸ் சிட்டி வீரர். 2017-இல் லீக்கிலேயே அதிக கெஜம் ஓடியவர். விடுதித் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணைத் தள்ளி உதைக்கும் வீடியோ 2018 நவம்பரில் வந்ததும் அணி அன்றே நீக்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, கிளீவ்லாண்ட் எடுத்துக்கொண்டது. 2024-இல் கன்சாஸ் சிட்டியே திரும்பக் கூப்பிட்டது. அவருக்கும் வீடியோ இருந்தது. ஆனால் வயது 23.

வீடியோ இல்லாத வழக்கும் ஒன்று உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜாஷ் பிரவுன் மீது மனைவியைத் துன்புறுத்திய புகார். ஆறு ஆட்டம் என்று 2014-இல் விதி எழுதிய அதே லீக் 2016 ஆகஸ்டில் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஆட்டம் தடை. அவரே தன் குற்றத்தை எழுதி வைத்த குறிப்புகள் அக்டோபரில் போலீஸ் ஆவணங்களோடு வெளிவந்த பிறகுதான் அணி கைவிட்டது.

மைதானத்திலிருந்து வீட்டுக்கு

ரசிகர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வீட்டையும் பேச வேண்டும். டேவிட் கார்ட், கோர்டன் டால் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் என்.எஃப்.எல். அணி தோற்கும் நாட்களில், வீட்டில் ஆண்கள் மனைவியையோ காதலியையோ தாக்கும் சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். அதாவது ரைஸ் விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த கூட்டத்துக்குள்ளேயே அடித்தவர்களும் அடிபட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த இரண்டாவது வீடியோ வந்த வாரத்தில் அமெரிக்காவின் தேசிய குடும்ப வன்முறை உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் 84 சதவீதம் கூடின. எடுத்துப் பேச ஆள் போதாமல் ஏராளமான அழைப்புகள் பதில் இல்லாமல் போயின. பிறகுதான் லீக் அந்த அமைப்புக்கு நிதி கொடுக்க முன்வந்தது. ஜெர்சி வரிசையைவிட, விமானப் பதாகையைவிட, இந்த ஒரு தகவல்தான் என் மனதில் நிற்கிறது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் எழுந்து போய் போனை எடுத்திருக்கிறார்.

2023 டிசம்பர் 31

மயாமி அணியை ரேவன்ஸ் 56–19 என்று நொறுக்கிய அந்த ஆட்டத்தில், ரே ரைஸை அன்றைய சிறப்பு முன்னாள் வீரராக அணி கௌரவித்தது. அரங்கம் கைதட்டியது.

இந்தக் கைதட்டலோடு எனக்குச் சண்டை இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இளம் வீரர்கள் முன் நின்று, தான் செய்ததை மழுப்பாமல் பேசினார். 2018-இல் மனைவியோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இனி ஆட வேண்டும் என்ற ஆசை இல்லை என்றார். 2014 ஜூலையில் எழுந்து நின்ற கூட்டத்துக்கு அவர் இப்படி எதையும் செய்து காட்டியிருக்கவில்லை. வரும் சீசனில் பந்தோடு ஓடுவார் என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது. அந்தக் கைதட்டல் பயிற்சி முடிவதற்குள் தீர்ந்திருக்கும். அடிபட்டவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்று அணியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ரைஸ் 2013-க்குப் பிறகு என்.எஃப்.எல். சீசன் ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. அவருக்கு இரண்டு ஆட்டம் போதும் என்று முடிவு செய்த ராஜர் குடெலின் ஒப்பந்தம் 2023 அக்டோபரில் 2027 வரை நீட்டிக்கப்பட்டது.